ஜீப்புக்குள் ஏன் இவ்வளவு சத்தம்? குறைக்க என்ன வழி?

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



போடியிலிருந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறும்போது எல்லோரும் ஊர்க்கதை பேசிக்கொண்டேதான் ஏறுவார்கள். முந்தல் தாண்டுவதற்குள் பேச்சு நின்றுவிடும். கதை தீர்ந்துபோய் அல்ல, பேசினால் காதில் விழாது என்பதால்தான். அப்புறம் தோட்டத்தில் இறங்கும் வரைக்கும் எல்லாம் கைஜாடைதான்.

எங்க அப்பா அப்படி ஒரு ஜீப்பை ஓட்டுகிறவர். சொந்த வண்டி, ஆனால் பழைய வண்டி. தார்ப்பாய் கூரை, டீசல் இன்ஜின். வீட்டில் அவர் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். டி.வி.யும் அப்படித்தான் அலறும். கோபக்காரர் என்று தெருவில் அவருக்கு ஒரு பேர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான் முதல் ஆள். இரண்டாம் வருஷத்தில் சார் வண்டியின் சத்தம், அதிர்வு பற்றிப் பாடம் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அது கோபம் இல்லை, காது. அதற்கப்புறம் இந்த விஷயத்தை விடாமல் படித்தேன். இந்த வருஷம் அப்பாவின் வண்டியிலேயே செய்தும் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாளைக்கு ஜீப் வேலைக்கு வருகிற யாரிடமும் நீங்கள் இதைச் சொல்லலாம்.

முதலில் டெசிபல் கணக்கு. இது சாதாரணக் கூட்டல் கிடையாது. 80 டெசிபல் சத்தம் தருகிற இரண்டு பொருளைச் சேர்த்து வைத்தால் 160 ஆகாது, 83தான் ஆகும். 90-ம் 80-ம் சேர்ந்தால் 90.4. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வண்டியில் 90 டெசிபல் தருகிற பொருளைத் தொடாமல், 80 தருகிற பொருளை ஆயிரக்கணக்கில் செலவழித்து அடியோடு ஒழித்தாலும் குறைவது 0.4தான். எந்தக் காதுக்கும் அது தெரியாது. அதனால் எது பெரிய சத்தம் என்று கண்டுபிடிக்காமல் பர்ஸைத் திறக்கக் கூடாது.

காதுக்கு எவ்வளவு தாங்கும்? அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. காதின் உள்ளே இருக்கிற மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் உள்ள கீச்சு ஒலிகள். அதனால்தான் இப்படிக் காது போனவர்களுக்கு நாம் பேசுவது கேட்கும், ஆனால் ‘சட்டை’ என்றோமா ‘தட்டை’ என்றோமா என்பது பிடிபடாது. நாம் இன்னொரு தடவை சொன்னால் "ஏன் கத்துற?" என்பார்கள்!

ஜீப் ஏன் மற்ற வண்டியை விடச் சத்தம் போடுகிறது? பிறப்பு அப்படி. 1941-ல் வில்லிஸ் கம்பெனி அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த ஜீப்பைப் பாருங்கள். செங்குத்தான தட்டைக் கண்ணாடி, அதையும் மடித்துப் போடலாம். கேன்வாஸ் கூரை. சேறு ஏறும் முரட்டு டயர். ரிப்பேர் செய்ய வசதியாக எல்லாமே போல்ட் போட்டுக் கழற்றும்படி. கழற்ற முடிகிற இடமெல்லாம் இடுக்கு இருக்கும், இடுக்கு இருந்தால் சத்தம் வரும். இன்று லட்சக்கணக்கில் விற்கும் ஜீப் வகை வண்டிகளிலும் அந்த முகவெட்டு கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது.

எந்தச் சத்தம் பெரிது?

இதற்கு ஒரே பதில் கிடையாது, வண்டி எந்த வேகத்தில் போகிறது என்பதைப் பொறுத்தது. காற்று ஒரு மூலையிலோ விளிம்பிலோ மோதிக் கிழிபடும்போது வருகிற ஒலியின் சக்தி, வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் 2-ஐ ஆறு தடவை பெருக்குங்கள், 64 மடங்கு, அதாவது 18 டெசிபல். டயர் சத்தம் அவ்வளவு வேகமாக ஏறாது. வேகம் இரட்டித்தால் சுமார் 9 முதல் 12 டெசிபல். ஆகவே மலையில் 30 கி.மீ. வேகத்தில் ஏறும்போது காற்றுச் சத்தம் கணக்கிலேயே இல்லை. இன்ஜினும் கியரும்தான் ராஜா. தேனி ரோட்டில் 70-ல் போகும்போது காற்றும் டயரும் மேலே வந்துவிடும். ஒரே வண்டிக்குள் இரண்டு வண்டி இருக்கிற மாதிரி!

கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. வண்டியை நிறுத்தி வைத்து, ஓடும்போது இருக்கிற அளவுக்கு இன்ஜினை முறுக்கிக் கேளுங்கள். அது இன்ஜின், ஃபேன், சைலன்ஸர். பிறகு காலியான சமதள நேர் ரோட்டில் 60-ல் போய் நியூட்ரலில் உருளவிட்டுக் கேளுங்கள். மிச்சம் இருப்பது டயரும் காற்றும். (மலை இறக்கத்தில் இந்தச் சோதனையை யாரும் செய்யாதீர்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவும் நியூட்ரலை மன்னிக்காது.) அடுத்து, புதிதாகத் தார் போட்ட ரோட்டிலும் ஜல்லி பெயர்ந்த ரோட்டிலும் ஒரே வேகத்தில் போங்கள். சத்தம் மாறினால் டயர், மாறாவிட்டால் காற்று. காற்று பலமாக வீசும் நாளில் எதிர்க்காற்றில் ஒரு தடவை, பின்காற்றில் ஒரு தடவை போய்ப் பார்த்தாலும் தெரிந்துவிடும். டயருக்கு ரோட்டின் வேகம்தான் கணக்கு, காற்றடிக்கும் திசை அதற்குத் தெரியாது.

கையில் போன் இருந்தால் சத்தம் அளக்கும் ஆப் போட்டுக்கொள்ளலாம். போன் மைக் சோதித்துச் சான்று தந்த கருவி இல்லை, அதனால் அது காட்டிய எண்களை நான் இங்கே அச்சில் போடவில்லை. ஆனால் அதே போன், அதே இடம், அதே ரோடு என்று வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டால் ஏறியதா இறங்கியதா என்று நம்பிச் சொல்லலாம்.

ஓட்டைதான் முதல் எதிரி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தக் கணக்கை வையுங்கள். ஜீப்பின் கதவு 1 மீட்டர் உயரம், 0.8 மீட்டர் அகலம் என்று கொள்வோம். சுற்றளவு 3.6 மீட்டர். பீடிங் ரப்பர் நைந்து சுற்றிலும் 2 மி.மீ. இடுக்கு விழுந்திருக்கிறது. இடுக்கின் மொத்தப் பரப்பு 72 சதுர செ.மீ. கதவின் பரப்பு 8,000 சதுர செ.மீ. ஆக, ஓட்டை 0.9 சதவீதம். நூற்றில் ஒன்று கூட இல்லை, அல்பம் என்று தோன்றும்.

இப்போது தகடு மட்டும் தனியாக 30 டெசிபல் தடுக்கும் என்று வைப்போம். அதாவது வெளியே இருக்கும் ஒலிச் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கை, 0.001-ஐ, உள்ளே விடும். இடுக்கோ தன்மேல் விழும் எல்லாவற்றையும் விடும், அது 0.009. இரண்டும் சேர்ந்தால் 0.01. அதாவது 20 டெசிபல். 30 தடுக்க வேண்டிய கதவு 20தான் தடுக்கிறது. இந்த இடத்தில் ஒருவர் கடைக்குப் போய் விலை கூடிய ஷீட் வாங்கி, கதவின் எடையையே இரண்டு மடங்காக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை இரட்டித்தால் தடுப்பு 6 டெசிபல் கூடும் என்பது விதி. தகடு 36 ஆகிவிட்டது. ஆனால் இடுக்கு அப்படியே இருப்பதால் மொத்தம் 20.3தான் வரும். அவ்வளவு பணத்துக்கும் 0.3 டெசிபல். பழைய பீடிங்கை மாற்றி இடுக்கை முழுசாக அடைத்திருந்தால் 10 டெசிபல் லாபம், சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி காதுக்குத் தெரியும். (ரொம்பத் தணிந்த, அடிவயிற்றில் அதிர்கிற ஒலிக்கு இந்தக் கணக்கு இப்படியே பொருந்தாது. மற்றதற்குப் பொருந்தும்.)

இதைப் போர்டில் போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏனென்றால் எங்களிடம் இல்லாதது பணம், இருப்பது நேரம். ஓட்டை அடைக்க நேரம் போதும்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி? கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வந்தால் பீடிங் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் ஓட்டை. சாக்பீஸ் தூளைப் பீடிங் மேல் தடவிக் கதவைச் சாத்தித் திறந்தாலும் எங்கே ஒட்டவில்லையோ அங்கே படவில்லை என்று தெரியும். ராத்திரியில் உள்ளே டார்ச் அடித்து வெளியே நின்று பார்ப்பது இன்னொரு வழி. எல்லாவற்றையும் விட நல்லது பெயின்டர்கள் ஒட்டுகிற மாஸ்கிங் டேப். கதவிடுக்கு, கண்ணாடி விளிம்பு, பானெட் இடுக்கு எல்லாவற்றையும் வெளியிலிருந்து டேப்பால் அடைத்து ரோட்டில் ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு டேப்பாகப் பிய்த்துக்கொண்டே திரும்ப ஓட்டுங்கள். எதைப் பிய்த்ததும் விசில் வருகிறதோ அதுதான் திருடன்.

கதவு மட்டுமல்ல. இன்ஜினுக்கும் நமக்கும் நடுவில் உள்ள தகட்டைப் பாருங்கள். கிளட்ச், பிரேக் பெடல் வருகிற துளை, ஸ்டீயரிங் ராடு வருகிற துளை, ஒயரிங் வருகிற துளை. கிராமெட் ரப்பர் எப்போதோ விழுந்துபோயிருக்கும். கியர் லீவரின் அடியில் உள்ள ரப்பர் பூட் கிழிந்திருக்கும். ஜீப்பில் ஃபோர் வீல் போடும் லீவர் தனியாக இருப்பதால் அங்கே இன்னொரு பூட். எங்கள் வண்டியில் அந்த இரண்டு பூட்டையும் மாற்றிய அன்றுதான் மலை ஏறும்போது வரும் இரைச்சலில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. கதவு பீடிங் சமதளத்தில் உதவியது, பூட் மலையில் உதவியது.

பின்பக்கப் படுதாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டையான முதுகு உள்ள வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைந்து, தூசியையும் சைலன்ஸர் புகையையும் வண்டிக்குள் இழுக்கும். பின் சீட்டில் இருக்கும் பெண்கள் முகத்தில் துணி கட்டிக்கொள்வது அதனால்தான். புகையில் கார்பன் மோனாக்ஸைடும் இருக்கும், அதற்கு வாசனை கிடையாது. ஆகவே தரையில் உள்ள துளைகளை முதலில் அடைத்து, சைலன்ஸர் குழாயில் ஓட்டை இருந்தால் பற்றவைத்துவிட்டு, படுதாவை இறுக்கி, முன்பக்கம் காற்று வர வழி விட வேண்டும். முழுக்க மூடிக் கட்டிவிட்டுச் சத்தம் குறைந்தது என்று சந்தோஷப்படக் கூடாது.

படுதாவும் ஒரு மத்தளம்தான். தளர்ந்தால் படபடவென்று அடிக்கும். குஷன் கடையில் கொடுத்து நடுவில் இரண்டு பட்டை வைத்துத் தைத்து, பக்கிளால் இழுத்துக் கட்டினோம். படபடப்பு நின்றது. ஆனால் துணிக்கு எடை இல்லை, எடை இல்லாத பொருள் சத்தத்தைத் தடுக்காது. அந்த விஷயத்தில் தார்ப்பாய் கூரையிடம் ரொம்ப எதிர்பார்க்க முடியாது.

கயிறு சுற்றிய கேரியர்

60-ஐத் தாண்டியதும் கூரைப் பக்கம் "ஊஊ" என்று ஒரு ராகம் வரும். அது பேய் இல்லை, கேரியர் கம்பி. உருண்டைக் கம்பியைக் காற்று கடக்கும்போது பின்னால் சுழல்கள் மேலும் கீழுமாக மாறி மாறி உதிரும். செக் நாட்டு விஞ்ஞானி ஸ்ட்ரவுஹால் 1878-ல் கம்பிகளை வைத்து இதை ஆராய்ந்தார். கணக்கு சுலபம். காற்றின் வேகத்தை 0.2-ஆல் பெருக்கிக் கம்பியின் விட்டத்தால் வகுத்தால் எத்தனை ஹெர்ட்ஸ் என்று வரும். 60 கி.மீ. என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். கம்பி 25 மி.மீ. என்றால் 133 ஹெர்ட்ஸ், கனத்த முனகல். 5 மி.மீ. ஏரியல் கம்பி என்றால் 668 ஹெர்ட்ஸ், விசில்.

மருந்து என்ன தெரியுமா? கயிறு. கம்பியின்மேல் ஓர் அங்குல, இரண்டங்குல இடைவெளி விட்டுத் திருகு மாதிரி கயிற்றைச் சுற்றிக் கட்டினால், சுழல்கள் கம்பி நெடுக ஒரே நேரத்தில் உதிர முடியாமல் சிதறிவிடும். பெரிய ஆலைகளின் இரும்புப் புகைபோக்கி உச்சியில் திருகு மாதிரித் தகடு சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது அழகுக்கு இல்லை, இதே காரணத்துக்குத்தான். நாங்கள் வீட்டில் கிடந்த நைலான் கயிற்றைச் சுற்றினோம். முனகல் போய்விட்டது. ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது இன்னும் மூன்று வண்டியில் கயிறு இருக்கிறது.

ஒரே ஒரு ஜன்னலைத் திறந்தால் "வூப் வூப்" என்று காது அடைப்பது வேறு கதை. சோடா பாட்டில் வாயில் ஊதுவது போல வண்டியே பாட்டிலாகிவிடுகிறது. இன்னொரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் தீர்ந்தது.

டயர், தகடு, மேட்

டயர் சத்தத்துக்கும் கணக்கு உண்டு. 0.7 மீட்டர் விட்டமுள்ள டயரின் சுற்றளவு 2.2 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 7.6 சுற்று. சுற்றிலும் 60 கட்டை இருந்தால் வினாடிக்குச் சுமார் 455 தடவை கட்டை ரோட்டை அடிக்கிறது, அதுதான் அந்த ரீங்காரம். எல்லாக் கட்டையும் ஒரே அளவாக இருந்தால் ரீங்காரம் ஒரே சுருதியில் கூர்மையாகிவிடும் என்று டயர் செய்பவர்கள் கட்டைகளை வேண்டுமென்றே பெரிசும் சிறிசுமாக வைக்கிறார்கள். ஒரு பக்கம் தேய்ந்த டயர் இன்னும் மோசமாக இரையும், அதனால் டயரை மாற்றி மாற்றிப் போடுவதும் காற்றைச் சரியாக வைப்பதும் முக்கியம். சேற்று டயருக்குப் பதில் நைஸ் டயர் போட்டால் சத்தம் நன்றாகக் குறையும். அதை நான் அப்பாவிடம் சொல்லவே இல்லை. மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் போகும் மண் ரோட்டில் ஆள் ஏற்றிப் போகிறவருக்குப் பிடிமானம்தான் முதலில், சத்தம் அப்புறம்.

ஓட்டைகள் எல்லாம் அடைத்த பிறகுதான் ஷீட். அதையும் வண்டி முழுக்க ஒட்டத் தேவையில்லை. தகட்டை விரலால் தட்டுங்கள். "டங்" என்று மணி மாதிரி அடித்தால் அது அதிர்கிற தகடு. அலுமினியத் தகடு ஒட்டிய பியூட்டைல் ஷீட்டை அதன் நடுவில் கால் பங்கிலிருந்து பாதி வரை ஒட்டி அழுத்தி உருட்டினால் "டொக்" என்று மாறிவிடும். தின்னர் போட்டு எண்ணெய்ப்பிசுக்கைத் துடைக்காமல் ஒட்டினால் நிற்காது. கூரைக்கு அடிக்கும் தார் ஷீட் மலிவு என்று ஒட்டுகிறவர்கள் உண்டு. நம் வெயிலுக்கு அது இளகி நாறும். முட்டை அட்டை, தெர்மோகோல் ஒட்டலாம் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் எடை கிடையாது, தடுக்காது.

தரைக்குக் கீழே ஒரு மெத்தை, மேலே ஒரு எடை என்பது முறை. கார்களில் ஃபெல்ட் போட்டு மேலே கனமான ரப்பர் வைப்பார்கள். ஜீப்புக்கு ஃபெல்ட் வேண்டாம் என்பது என் கருத்து. ஜூனில் மழை பிடித்தால் சேற்றுக்காலோடு ஏறுவார்கள், ஃபெல்ட் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு அடித்தகட்டைத் துருவுக்குக் கொடுத்துவிடும். தண்ணீர் குடிக்காத மூடிய துளை ஃபோம் போட்டு, மேலே கனத்த ரப்பர் மேட்டை ஒட்டாமல் விரித்தோம். ஞாயிற்றுக்கிழமை கழற்றி உதறிக் காயவைக்கலாம். கதவின் அடியில் சின்னத் துளைகள் இருக்கும், அவை மழைத்தண்ணீர் வடிவதற்கு. ஓட்டை அடைக்கிற ஆர்வத்தில் அதையும் அடைத்துவிடாதீர்கள். சைலன்ஸர் பக்கம் ஃபோம் போகவே கூடாது, தீப்பிடிக்கும்.

இன்ஜின் மவுண்ட், பாடி மவுண்ட் ரப்பர்கள் கல்லாகிப் போயிருந்தால் மேலே சொன்ன எதுவும் முழுப் பலன் தராது. ஏனென்றால் அந்த அதிர்வு காற்று வழியாக வருவதில்லை, இரும்பு வழியாக வந்து தரையையே ஒலிபெருக்கி ஆக்கிவிடுகிறது. நகத்தால் குத்திப் பாருங்கள். நகம் பதியாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். எங்கள் வண்டியில் பாடி மவுண்ட் மட்டும் மாற்றினோம், இன்ஜின் மவுண்டுக்கு ஏலக்காய் சீசன் முடிந்து காசு வந்ததும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

டிரைவர் காதில் பஞ்சு வைத்தால் இவ்வளவும் தேவையா என்று ஒரு நண்பன் கேட்டான். போடிமெட்டு ரோட்டில் வளைவுக்கு அந்தப்பக்கம் வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியாது, ஹாரன்தான் தெரியும். பிரேக் கட்டை தேய்ந்து கீச்சிடுவதும், லீஃப் ஸ்பிரிங் பட்டை உடைந்து டக்கென்று அடிப்பதும் முதலில் காதுக்குத்தான் வரும். டிரைவருக்கு வேண்டாத சத்தத்தைக் குறைக்க வேண்டும், வேண்டிய சத்தம் கேட்க வேண்டும். பஞ்சுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இப்போது 60-ல் போகும்போது பக்கத்து சீட்டில் இருப்பவர் சாதாரணமாகப் பேசினால் அப்பாவுக்குக் கேட்கிறது. மலை ஏறும்போது முதல் கியரின் இரைச்சல் இன்னும் இருக்கிறது. அது கியர்ப் பற்கள் உரசும் சத்தம், பெட்டியைப் பிரிக்காமல் போகாது. அப்பாவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காது சோதனை எடுத்தோம். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு கீழே இறங்கியிருக்கிறது. இனிமேல் இன்னும் இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் எல்லோரும் இப்போது அவருக்கு முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுகிறோம்.

வீட்டில் ஜீப்போ பழைய வேனோ வைத்திருக்கும் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியோடு வந்தால் நானும் வருகிறேன். ஒரு ரோல் மாஸ்கிங் டேப்பும் ஒரு பத்து ரூபாய் நோட்டும் கொண்டு வாருங்கள். நோட்டு உங்களுக்கே திரும்பக் கிடைக்கும்.